அரசாங்கக் களஞ்சியம் ஏற்கும் நெல்

இலங்கையில் நெல்லுக்கு உத்தரவாத விலைத் திட்டம் 1948ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. பின்னர் 1971ஆம் ஆண்டின் சட்டத்தினால் நெல் சந்தைப்படுத்தும் சபை அமைந்தது. இரண்டு ஏக்கர் விதைக்கும் சிறு கமக்காரரும், சபை கொள்வனவு செய்யுங் காலத்தில், அதற்கு நெல் விற்கலாம். 2025 பெப்ரவரியில் நாட்டு நெல்லுக்குக் கிலோ ஒன்றுக்கு 120 ரூபாவும் சம்பாவுக்கு 125 ரூபாவும் அறிவிக்கப்பட்டன. ஈரம் நூற்றுக்கு 14 பங்குக்கு மேற்படாத நெல்லுக்கே அவ்விலை.

படுவான்கரையிற் பெரும்போக அறுவடை மாரி முற்றாக ஓயுமுன்னரே வந்துவிடுவதுண்டு. முன்னாளிற் சூட்டிலும் களவெட்டியிலும் காய்ந்த ஈரம், இயந்திரத்தால் அறுத்து உடனே மூட்டை கட்டும் இக்காலத்தில் நெல்லிலேயே தங்குகின்றது.

நூற்றுக்கு 20 பங்கு ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 பங்குக்கு உலர்ந்ததும் ஏறக்குறைய 93 கிலோவாகும். குறைந்த 7 கிலோவும் வெறும் நீரே. வயலில் ஈர நெல் வாங்கும் வியாபாரி எத்தனை கிலோ கழிக்கின்றார் என்பதை இக்கணக்கோடு ஒப்பிட்டுப் பார்த்தல் நன்று.

நெல்லைப் படங்கின்மீது இரண்டு அங்குலக் கனத்துக்கு மேற்படாமற் பரப்பி, அடிக்கடி கிளறல் வேண்டும். தார் வீதியிற் காயவிட்டாற் கல் சேரும். கடும் வெப்பத்தால் மணி வெடித்துக் குறுணலும் மிகும். பல்லாற் கடித்துப் பார்ப்பது பழைய வழக்கம். களஞ்சியத்தாரோ ஈரமானியையே நம்புவர். ஆகவே, மூட்டைகளை ஏற்றுமுன் மாதிரி கொண்டுசென்று அளப்பித்தால் வண்டிக்கூலி வீணாகாது.

பதரைத் தூற்றி நீக்குக. நாட்டு நெல்லும் சம்பாவும் ஒரே சாக்கிற் கலத்தலாகாது. சில மூட்டைகளே உள்ளோர் அயலவரோடு சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பலாம். அப்போதும் ஒவ்வொருவர் மூட்டையும் தனித்தனியே அடையாளமிடப்படல் வேண்டும். ஒருவரின் ஈர நெல்லால் மற்றவருடையது தடைப்படலாகாது.