கணினி நேரத்துக்கு ஒரு பேரம்

மேகமலைத் தோட்டங்களைப் போன்ற மலைத்தோட்டங்களில் விளையும் ஏலக்காய், உலர்ந்து தரம் பிரிந்து போடிநாயக்கனூரில் நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையத்தை அடையும்போது, வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் உருட்டிப் பார்த்த பிறகே கணினித் திரையில் விலையை ஏற்றுகிறார்கள். சரக்கு ஒன்று, கேட்போர் பலர், அவகாசமோ சொற்பம். பல ஊர்களிலும் பல தேசங்களிலும் சிதறிக் கிடக்கும் கணினிகளைப் பலரும் பகிர்ந்து உபயோகிக்க முற்படும்போது எழுவதும் இதே பிரச்சினைதான். ஆனால் அங்கே பேரம் பேசுவோர் மனிதர் அல்லர், மனிதர் சார்பில் இயங்கும் மென்பொருள் முகவர்கள்.

யோசனை பழையது. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பி.டி.பி.-1 என்ற கணினியின் நேரம் ஏலத்தில் விடப்பட்ட விதத்தை ஐவன் சதர்லண்ட் 1968-இல் விவரித்தார். அவரவர் வேலையின் முக்கியத்துவத்துக்கு ஏற்ப 'யென்' என்ற கற்பனை நாணயம் வழங்கப்பட, அதைக் கொண்டு மணிநேரங்களைக் கேட்டுப் பெற்றார்கள். 1980-இல் ரீட் ஸ்மித் வகுத்த 'ஒப்பந்த வலை' முறையோ பேரத்தையே யந்திரங்களிடம் ஒப்படைத்தது: வேலையை வைத்திருக்கும் கணினி அதை அறிவிக்கும், ஓய்வாயிருப்பவை தம் தகுதியைச் சொல்லி விண்ணப்பிக்கும், மிகப் பொருத்தமானதற்கு வேலை அளிக்கப்படும்.

இன்று ஜெனீவா அருகிலுள்ள அணுத்துகள் மோதல் யந்திரத்தின் தரவுகள் சுமார் 170 கணினி மையங்களுக்குப் பங்கிடப்படுகின்றன. மும்பை டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையமும் அவற்றுள் ஒன்று. அந்த மோதல் யந்திரத்தில் நடைபெறும் சி.எம்.எஸ். ஆய்வின் வேலைகளைப் பகிர்ந்தளிப்பது, 'எச்.டி.காண்டர்' என்ற மென்பொருளை அடிப்படையாகக் கொண்ட ஏற்பாடு. இதில் ஒவ்வொரு வேலையும் தனக்கு இத்தனை நினைவகம் வேண்டும், இன்ன இயங்குதளம் வேண்டும் என்று விளம்பரம் செய்கிறது. ஒவ்வொரு கணினியும் தன்னிடம் உள்ளதையும், தான் யாருக்கு இடங்கொடுக்கும் என்பதையும் விளம்பரம் செய்கிறது. நடுவர் முகவர் இரண்டையும் ஒப்பிட்டு ஜோடி சேர்த்தபின், இரு தரப்பு முகவர்களும் நேரில் பேசி உறுதி செய்துகொள்கிறார்கள். எந்தக் கணினியிலும் இல்லாத அளவு நினைவகத்தைக் கேட்கும் வேலை, எத்தனை நாள் காத்திருந்தாலும் ஜோடி காணாது.

இங்கே பணப்பை பேசுவதில்லை. சற்று முன்வரை நிறைய உபயோகித்தவர் பின்னுக்குத் தள்ளப்பட்டு, குறைவாகப் பெற்றவர் முன்னுக்கு வருகிறார்; அந்தப் பழைய கணக்கும், வேறு விதமாக நிர்ணயிக்கப்படாத வரை, நாளொன்றுக்குப் பாதியாகத் தேய்ந்துவிடும். வாணிபக் கணினிச் சேவைகளில் விலையே பேசுகிறது. அமேசான் தன் உபரிக் கணினிகளை 2009 முதல் ஏல முறையில் வாடகைக்கு விட்டு, 2017-இல் அம்முறையை மாற்றியது.

விலையால் பங்கிடுவதா, முந்திய உபயோகத்தைக் கணக்கிட்டுப் பங்கிடுவதா என்பதை எந்த முகவரும் தானே தீர்மானிப்பதில்லை. பேரத்தின் வேகம் யந்திரத்துடையது. நியாயம் எது என்ற நிர்ணயம், அந்த விதிகளை எழுதி வைத்த மனிதருடையது. ஆகையால் தன் வேலை ஏன் பின்தங்கியது என்று கேட்கும் ஆராய்ச்சியாளர், யந்திரத்தைக் கடிந்துகொள்வதைவிட, தம் ஸ்தாபனம் அந்த விதிகளில் யாருக்கு என்ன முன்னுரிமை வைத்திருக்கிறது என்று விசாரிப்பதே பொருத்தம்.