ரிப்போர்ட் வர ஏன் மூன்று நாள்?

சர்க்கரை அளவு பார்க்க ரத்தம் கொடுத்தால் அன்றைக்கே ரிப்போர்ட் கைக்கு வந்துவிடும். ‘யூரின் கல்ச்சர்’ என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் மட்டும், “மூணு நாள் கழிச்சு வாங்க” என்பார் லேப்காரர். சிறுநீரைப் பார்க்க எதற்கு மூன்று நாள்? முகத்தைச் சுளிக்காமல் வாருங்கள். அந்தச் சின்ன டப்பாவின் பின்னாலேயே நுண்ணுயிரியலாளரின் ஆய்வகத்துக்குள் போவோம்.

நுண்ணுயிரியலாளர் என்றதும், நாள் முழுக்க நுண்ணோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டிருப்பவர் என்று நினைக்கிறோம். பாடப்புத்தகப் படங்களும் அப்படித்தான் காட்டுகின்றன. ஆனால் நுண்ணோக்கியில் பார்த்த மாத்திரத்தில் ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்வது பெரும்பாலும் நடக்காத காரியம். ஆயிரம் மடங்கு பெரிதாக்கிப் பார்த்தாலும் ஈ. கோலை என்ற பாக்டீரியா ஒரு குட்டிக் குச்சிதான். டைபாய்டு கிருமியும் குட்டிக் குச்சிதான். எது எதுவென்று தெரிய வேண்டுமானால் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதுவும் தனியாக வளர்க்க வேண்டும். கலந்து கிடக்கும் கூட்டத்திலிருந்து ஒரே ஒரு வகையைப் பிரித்தெடுப்பதில்தான் இந்தத் தொழிலின் உயிரே இருக்கிறது.

டப்பா வந்ததும் முதலில் பார்ப்பது, சிறுநீர் எத்தனை மணிக்குப் பிடித்தது என்பதை. நல்ல சாப்பாடும் சூடும் கிடைத்தால் ஈ. கோலை 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். அப்படியே போனால் ஒன்று, 8 மணி நேரத்தில் 1,67,77,216 ஆகிவிடும். (நம்பாதவர்கள் 24 தடவை இரண்டால் பெருக்கிப் பாருங்கள்.) அறையில் வெறுமனே வைத்திருந்த சிறுநீர் இதனால்தான் பொய் சொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்க வேண்டும். முடியாவிட்டால் குளிர்பதனப் பெட்டியில் வைக்க வேண்டும்.

அடுத்து, லூப். ஒரு கைப்பிடி, அதில் ஒரு மெல்லிய கம்பி, கம்பியின் முனையில் ஒரு சின்ன வளையம். இந்தச் சோதனைக்கான வளையத்தில் சரியாக ஒரு மில்லிலிட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு நீர்தான் நிற்கும். கம்பியைத் தீயில் காட்டிச் செக்கச் சிவக்கக் காய்ச்சுகிறார். கம்பியில் ஒட்டியிருந்த பழைய கிருமி ஏதாவது இருந்தால் அதோடு தீர்ந்தது. உடனே நனைக்கக் கூடாது, ஆறவிட வேண்டும். சூட்டோடு நனைத்தால் நாம் தேடுகிற கிருமியும் ‘சுர்’ரென்று பொசுங்கிவிடும்.

இப்போது தட்டு. கிருமிகளுக்கான சாப்பாடு ஜெல்லிபோல் உறைந்திருக்கும் வட்டத் தட்டு அது. எண்ணுவதற்கு ஒன்று, பிரிப்பதற்கு இன்னொன்று. பிரிக்கும் தட்டில் ஒரு ஓரமாக நெருக்கமாகக் கோடு இழுக்கிறார். கம்பியை மறுபடி காய்ச்சி, ஆறவிட்டு, முதல் கோடுகளின் நுனியை மட்டும் தொட்டு அடுத்த பக்கம் இழுக்கிறார். திரும்பவும் காய்ச்சுகிறார், திரும்பவும் இழுக்கிறார். ஒவ்வொரு முறையும் கூட்டம் குறைகிறது. நான்காவது பக்கம் வரும்போது கிருமிகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி விழுகின்றன. ராத்திரி முழுக்க 37 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்தால் அப்படி விழுந்த ஒவ்வொன்றும் பெருகி, மறுநாள் கண்ணுக்குத் தெரிகிற ஒரு புள்ளியாக நிற்கும். இதற்குக் காலனி என்று பெயர். ஒரு புள்ளியில் இருப்பதெல்லாம் ஒரே கிருமியின் வாரிசுகள்; கலப்பே இல்லை.

சின்னச் சின்ன நுணுக்கங்கள் உண்டு. மூடியை முழுக்கத் திறக்கக் கூடாது. கம்பி நுழைகிற அளவு தூக்கினால் போதும், காற்றில் மிதக்கும் கிருமிகள் உள்ளே விழாது. நோயாளியின் எண்ணை மூடியில் எழுதாமல் தட்டின் அடியில் எழுத வேண்டும். மூடிகள் இடம் மாறிவிடலாமே! பிறகு தட்டைத் தலைகீழாகக் கவிழ்த்து வைக்க வேண்டும். இல்லாவிட்டால் மூடியில் கோக்கும் நீர் சொட்டி, பிரித்து வைத்த புள்ளிகளை எல்லாம் ஒன்றாகக் கலக்கிவிடும்.

அந்த ஜெல்லிக்கு ஒரு கதை இருக்கிறது. 1880களின் தொடக்கத்தில் ஜெர்மனியில் ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியாக வளர்க்க வழி தேடினார். வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டில் வளர்த்தார். எல்லாக் கிருமிக்கும் உருளைக்கிழங்கு பிடிக்கவில்லை. ஜெலட்டினில் வளர்த்தார், 37 டிகிரியில் அது உருகி ஓடியது, போதாக்குறைக்குச் சில கிருமிகள் அதையே தின்று கரைத்தன. அவருடைய ஆய்வகத்தில் வேலை செய்தவர் வால்டர் ஹெஸ். அவருக்கும் இதே தலைவலி. அவருடைய மனைவி ஃபேனி ஹெஸ், கணவரின் ஆய்வுக்கு உதவியவர், படங்கள் வரைந்து கொடுத்தவர். வீட்டில் ஜெல்லி செய்ய அவர் அகர் போடுவார். ஜாவாத் தீவில் வாழ்ந்தவர்களிடம் கற்றுக்கொண்ட பக்குவம் அது. “அகரைப் போட்டுப் பாருங்களேன்” என்ற யோசனை அவருடையதுதான். அகர் உருக 85 டிகிரிக்கு மேல் வேண்டும். உருகியதோ 40 டிகிரிக்குப் பக்கத்தில் வந்தால்தான் உறையும். பெரும்பாலான கிருமிகளுக்கு அதைத் தின்னவும் தெரியாது. 1882இல் காசநோய்க் கிருமியைப் பற்றி எழுதிய கட்டுரையில் அகரைக் குறிப்பிட்ட கோக், ஃபேனியைக் குறிப்பிடவில்லை. 1887இல் மூடியுள்ள வட்டத் தட்டைப் பற்றி எழுதிய பெட்ரியின் பெயர் மட்டும் தட்டில் ஒட்டிக்கொண்டது. எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

அகர் வேறொன்றுமில்லை, கடையில் சைனா கிராஸ் என்று விற்கிறார்களே, நோன்பு நாட்களில் பல வீடுகளில் கடல்பாசி இனிப்பு செய்கிறார்களே, அதேதான். நம் ராமநாதபுரம் கடற்கரையில் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அகர் எடுக்கிறார்கள்.

சரி, இரண்டாம் நாள். எண்ணும் தட்டில் 120 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். வளையம் எடுத்தது ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே ஒரு மில்லிலிட்டரில் 1,20,000 கிருமிகள். ஒரு லட்சத்தைத் தாண்டினால் அது பெரும்பாலும் உண்மையான தொற்று. மூன்று, நான்கு வகைப் புள்ளிகள் கலந்து வளர்ந்திருந்தாலோ, தோலில் இருந்த கிருமி டப்பாவில் விழுந்திருக்கிறது என்று சந்தேகப்பட்டு, இன்னொரு முறை பிடித்து அனுப்பச் சொல்வார்.

பிறகு புள்ளிகளின் முகஜாடை. மெக்கான்கி அகர் என்ற வகைத் தட்டில் ஈ. கோலை ரோஸ் நிறத்தில் வளரும். பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரையை அது புளிக்கவைப்பதால் வரும் நிறம் அது. பச்சை நிறம் கசிந்து திராட்சை வாசனை அடித்தால் அது சூடோமோனாஸ் என்ற கிருமி. பழைய ஆட்கள் வாசனையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். இப்போது தட்டை முகர்ந்து பார்ப்பது கூடாது, ஆபத்து.

நுண்ணோக்கிக்கு இப்போதுதான் வேலை. 1884இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் கிராம் வெளியிட்ட சாயமேற்றும் முறை இன்றைக்கும் நடக்கிறது. ஊதாச் சாயம், அயோடின், ஆல்கஹாலில் ஒரு கழுவல், பிறகு சிவப்புச் சாயம். தடித்த சுவருள்ள கிருமி ஊதாவாகவே நிற்கும். மெல்லிய சுவருள்ளது ஊதாவை விட்டுவிட்டு ரோஸ் நிறமாகும். ஆல்கஹால் கழுவல் சில நொடிகள் கூடினால் ஊதாக் கிருமியும் வெளுத்து நம்மை ஏமாற்றும். எப்போது நிறுத்துவது என்பது கைப்பழக்கத்தில்தான் வரும்.

அன்றைக்கே ஒரு காலனியை உப்புநீரில் கலக்கி, கலங்கல் எவ்வளவு என்று மாதிரிக் குழாயோடு ஒப்பிட்டு, புதிய தட்டு முழுக்கச் சீராகப் பூசி, வெவ்வேறு மருந்து தோய்த்த குட்டிக் காகித வட்டங்களை மேலே வைக்கிறார். மூன்றாம் நாள், எந்த வட்டத்தைச் சுற்றிக் கிருமி வளரவில்லையோ, அந்த வெற்றிடத்தை ஸ்கேலால் மில்லிமீட்டர் கணக்கில் அளந்து அட்டவணையோடு ஒப்பிடுகிறார். எந்த மருந்து கேட்கும், எது கேட்காது என்பது அப்போதுதான் தெரியும். காசநோய்க் கிருமிக்கு மூன்று நாளெல்லாம் போதாது. அது வளரவே வாரக்கணக்காகும்.

பெரிய ஆய்வகங்களில் கிருமியின் பெயரைச் சில நிமிடங்களில் சொல்லும் ‘மால்டி-டாஃப்’ கருவி வந்துவிட்டது. ஆனால் அதற்கும் முதலில் கலப்பில்லாத ஒரு காலனியைக் கையில் எடுத்துக் கொடுத்தாக வேண்டும்.

உங்கள் வீட்டில் யாருக்காவது யூரின் கல்ச்சர் எழுதிக் கொடுத்தால் இதைச் சொல்லுங்கள்: ஆன்டிபயாட்டிக் மாத்திரையின் முதல் வேளையைப் போடுவதற்கு முன்னாலேயே சிறுநீரைக் கொடுத்துவிட வேண்டும். மாத்திரை உள்ளே போய்விட்டால் கிருமி உடம்பில் இருந்தும் தட்டில் வளராமல் போகலாம்.