தந்தை செய்த கொலைகளுக்கு மகன் கேட்ட மன்னிப்பு: எஸ்கோபார் குறித்த ஆவணப்படம் சொல்வது என்ன?

கொலம்பியாவின் போதைப்பொருள் கடத்தல் மன்னன் பாப்லோ எஸ்கோபாரைப் பற்றி வந்த படங்களும் தொடர்களும் ஏராளம். அவற்றுள் பல, துப்பாக்கிச் சண்டையையும் கட்டுக்கட்டான டாலர்களையும் தாண்டிச் செல்வதில்லை. அர்ஜென்டினாவைச் சேர்ந்த நிக்கோலஸ் என்டெல் இயக்கி 2009-ஆம் ஆண்டு வெளியான 'என் தந்தையின் பாவங்கள்' என்ற ஆவணப்படம் அந்த வரிசையில் சேராதது. எஸ்கோபாரின் மகனையும், எஸ்கோபாரால் கொல்லப்பட்ட தலைவர்களின் மகன்களையும் அது நேருக்கு நேர் சந்திக்க வைக்கிறது.

எளிய குடும்பத்தில் 1949-இல் பிறந்த எஸ்கோபார், 1970-களில் கொகைன் கடத்தலில் இறங்கினார். அமெரிக்காவில் பெருகிய தேவை அவரைப் பெரும் கோடீஸ்வரராக்கியது. மெடலின் நகர ஏழைகளுக்கு வீடுகளும் கால்பந்து மைதானங்களும் கட்டிக் கொடுத்து, 1982-இல் நாடாளுமன்றத்தின் மாற்று உறுப்பினராகவும் ஆனார்.

வீழ்ச்சி அங்கேதான் தொடங்கியது. பணத்தால் எதையும் வாங்கிவிடலாம் என்று நம்பியவரை, நீதித்துறை அமைச்சர் ரோட்ரிகோ லாரா போனிலா அவையிலேயே அம்பலப்படுத்தினார். 1976-இல் எஸ்கோபார் கைதான பழைய செய்தியை 'எல் எஸ்பெக்டடோர்' நாளிதழ் மீண்டும் வெளியிட்டது. அரசியல் வாழ்வு முடிந்தது. 1984 ஏப்ரல் 30 அன்று மோட்டார் சைக்கிளில் வந்த கூலிப்படையினர் அமைச்சரைச் சுட்டுக் கொன்றனர்.

எஸ்கோபார் மிகவும் அஞ்சியது, அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்படுவதற்குத்தான். அந்த ஒப்படைப்பை ஆதரித்த அதிபர் வேட்பாளர் லூயிஸ் கார்லோஸ் கலான், 1989 ஆகஸ்ட் 18 அன்று பிரசார மேடையில் சுடப்பட்டார். அதே ஆண்டு நவம்பரில் அவியங்கா பயணிகள் விமானம் நடுவானில் குண்டு வைத்துத் தகர்க்கப்பட்டதில், அதில் இருந்த 107 பேரும் மாண்டனர்.

குடிமக்களை வெளிநாட்டிடம் ஒப்படைப்பதற்கு 1991-இல் அரசியல் நிர்ணய அவை தடை விதித்த அதே நாளில் எஸ்கோபார் சரணடைந்தார். அடைக்கப்பட்டதோ அவரே தமக்காக அமைத்துக்கொண்ட சொகுசுச் சிறையில்! ஓராண்டில் அங்கிருந்தும் தப்பினார். 1993 டிசம்பர் 2 அன்று, 44-வது பிறந்தநாளுக்கு மறுநாள், மெடலினில் ஒரு வீட்டுக் கூரையில் சுட்டுக் கொல்லப்பட்டார். மகனுடன் தொலைபேசியில் பேசியதே அவரது மறைவிடத்தைக் காவல்துறைக்குக் காட்டிக் கொடுத்தது.

அப்போது 16 வயதான அந்த மகன், தந்தையைக் கொன்றவர்களைத் தானே கொல்வேன் என்று செய்தியாளரிடம் கொந்தளித்தார். சில நிமிடங்களிலேயே அதைத் திரும்பப் பெற்றார். பின்னர் செபாஸ்டியன் மரோக்கின் என்று பெயரை மாற்றிக்கொண்டு அர்ஜென்டினாவில் குடியேறி, கட்டடக் கலைஞரானார்.

தந்தையின் குற்றங்களுக்கு மன்னிப்புக் கோரி அவர் லாரா, கலான் ஆகியோரின் மகன்களுக்கு எழுதிய கடிதமே படத்தின் அச்சாணி. லாராவின் மகன் அவரைக் காண பியூனஸ் அயர்ஸுக்கே சென்றார். கலானின் மகன்களுடனான சந்திப்பு பொகோட்டாவில் நடந்தது. தழுவல்களைக் காட்டிலும் பேசத் தொடங்கும் முன் நிலவும் தயக்கமே பார்ப்பவரை உலுக்குகிறது. எனினும் இந்தச் சமரசம் இரண்டு அரசியல் குடும்பங்களோடு நின்றுவிடுவது படத்தின் குறையே. கொல்லப்பட்ட நூற்றுக்கணக்கான காவலர்களின் பிள்ளைகளுக்கு அப்படியொரு கடிதம் வருவதைப் படம் காட்டவில்லை.

கலான் கொல்லப்பட்டபோது அவரது மகன் கார்லோஸ் பெர்னாண்டோவுக்கு வயது 12. பொகோட்டாவில் மரோக்கினைச் சந்தித்தவர்களில் ஒருவரான அவர், 2024 ஜனவரியில் அந்நகரின் மேயராகப் பொறுப்பேற்றார்.