வாய் கட்டாத போத்தல்

“சாச்சி, கொம்புச்சா குடிக்க ஏலுமா, ஏலாதா?”

கேட்டவள் ராத்தாவின் மகள். கொழும்பில் படிக்கிறாள். லீவுக்குக் கல்முனைக்கு வந்தபோது அவள் கையில் அகன்ற வாயுள்ள ஒரு கண்ணாடிப் போத்தல். உள்ளே தேயிலைச் சாயம், அதன்மேல் இளநீர் வழுக்கை போல வெளுத்து வட்டமாக ஒன்று மிதந்தது. கூட்டாளி ஒருத்தி கொடுத்ததாம். வயிற்றுக்கு நல்லதென்று எல்லாரும் சொல்கிறார்களாம், ஆனால் மூடியைத் திறந்தால் ஒரு மணம் வருகிறதாம், அதுதான் பயமாம்.

பயப்பட்டது நல்லது, கேட்டது அதைவிட நல்லது. ஒற்றைச் சொல்லில் பதில் சொல்ல முடியாத கேள்வி இது. பிளேன்டி ஊற்றி வைத்துக்கொண்டு அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன்.

இனிப்பும் ஈரமும் சேர்ந்த இடத்தில் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் குடியேறும். பழத்தோலில், மாவில், காற்றில், நம் கையில் எல்லாம் அவை இருக்கின்றன. சீனியைத் தின்று வேறொன்றை வெளியே விடுவது அவற்றின் பிழைப்பு. எதை விடுகிறது என்பது எந்த உயிர் தின்கிறது என்பதைப் பொறுத்தது. லக்டிக் அமிலப் பற்றீரியா தின்றால் புளிப்பு வரும், அது தயிரின் வழி. மதுவம், அதாவது பாணுக்குப் போடுகிற ஈஸ்ட்டின் இனம், காற்றில்லாத இடத்தில் தின்றால் மதுசாரமும் காபனீரொட்சைட்டும் வரும், அது கள்ளின் வழி. பாலைப் புளிக்கவைப்பது ஒரு தனி உயிர்தான் என்று பிரான்சில் லூயி பாஸ்டர் எழுதியது 1857இல். அதற்கு எத்தனையோ தலைமுறைக்கு முன்பே நம் பட்டிக்காரர்கள் அந்த உயிரைச் சட்டியில் வைத்து வளர்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதலில் தயிரைச் சொல்கிறேன். நம் ஊர் எருமைத் தயிரைச் சட்டியோடு கவிழ்த்தாலும் சட்டென்று விழாது. எருமைப் பாலில் கொழுப்பு ஏறத்தாழ 7 வீதம், பசுப்பாலைவிட இரு மடங்குக்குக் கிட்ட. புரதமும் கூட. காய்ச்சிய பால் விரல் பொறுக்கும் சூட்டுக்கு இறங்கியதும் நேற்றைய தயிரில் ஒரு கரண்டி உறை விட்டால், பற்றீரியா பாலின் வெல்லத்தைத் தின்று லக்டிக் அமிலத்தை விடும். அமிலம் ஒரு அளவுக்கு ஏறியதும் பாலிலுள்ள கேசின் என்ற புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும். அதுதான் உறைதல். மண்சட்டி ஈரத்தை மெல்ல உறிஞ்சி வெளியே விடும், அதனால் தயிர் இறுகும், சூடும் தணியும்.

கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் மத்தியானம் வைத்த தயிர் இரவுக்கே புளித்துவிடும். வாடைக்காற்றும் மழையும் வந்தால் விடியும்வரை பொறுக்க வேண்டும். சட்டியும் பாலும் உறையும் மாறவில்லை, காற்றின் சூடு மட்டும்தான் மாறியது. இதை மனதில் வைத்துக்கொள்ளச் சொன்னேன். மீதி எல்லாவற்றுக்கும் இதுதான் அடிப்படை.

தயிரைக் கடைந்து தண்ணீர் விட்டு, உப்பும் சின்ன வெங்காயமும் பச்சைக் கொச்சிக்காயும் இஞ்சியும் தட்டிப் போட்டால் மோர். நம் வீடுகளின் முதல் புளித்த பானம் அது. ஹலாலா என்று அதை யாரும் கேட்பதில்லை. அதில் நடப்பது பெரும்பாலும் புளிப்பு வழிதான், மதுசார வழி இல்லை. பழஞ்சோற்றுத் தண்ணீரும் அப்படியே. இரவு மிஞ்சிய சோற்றைத் தண்ணீரில் மூழ்கவைத்தால் விடியும்போது தண்ணீர் இலேசாகப் புளிக்கும். தேங்காய்ப்பாலும் தேசிப்புளியும் சேர்த்தால் வயலுக்குப் போகிறவருக்குக் காலைச் சாப்பாடு. தண்ணீரில் மூழ்காமல் சட்டியில் சும்மா கிடந்த சோறு வேறு விஷயம். அதில் வயிற்றோட்டம் தரும் பற்றீரியா வளரலாம். அதைத் தின்னக் கூடாது.

இனி நபீத். பேரீச்சம்பழத்தையோ உலர்ந்த திராட்சையையோ தண்ணீரில் ஊறவைத்துக் குடிப்பது. நபியவர்களுக்குக் காலையில் ஊறவைத்ததை இரவிலும், இரவில் ஊறவைத்ததைக் காலையிலும் கொடுத்ததாக ஆயிஷா (ரழி) அவர்கள் அறிவித்தது ஸஹீஹ் முஸ்லிமில் இருக்கிறது. மூன்றாம் நாள் மாலைக்கு மேல் அவர்கள் அதைக் குடிக்கவில்லை என்ற கருத்தில் இப்னு அப்பாஸ் (ரழி) அவர்களின் அறிவிப்பும் அதே நூலில் உண்டு. பேரீச்சம்பழத்தின் நிறையில் பாதிக்கு மேல் சீனி. தோலில் மதுவம் இருக்கும். அரபு நாட்டுச் சூட்டில் அது வேலை தொடங்க அதிக நேரம் எடுக்காது. காலையில் போட்டு மாலையில் குடிக்கிற அந்த வழக்கத்தை விஞ்ஞான ஆசிரியையாக வாசித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது. மதுவம் பெருகி மதுசாரம் திரள்வதற்கு முன் இனிப்பை எடுத்துக்கொள்கிற இடைவெளி அது.

அதைவிட என் மனதில் தங்கியது பாத்திரத்தைப் பற்றிய செய்தி. அப்துல் கைஸ் கோத்திரத்தார் மதீனாவுக்கு வந்தபோது சுரைக்குடுவை, பூச்சிட்ட சாடி, குடைந்த பேரீச்ச மரக்கட்டை, கீல் பூசிய பாத்திரம் ஆகியவற்றில் நபீத் ஊறவைக்க வேண்டாம் என்று நபியவர்கள் தடுத்தார்கள். தோற்பையில் வைக்கலாம் என்றார்கள். பின்னாளில், போதை தருவதைக் குடிக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு, எல்லாப் பாத்திரத்துக்கும் அனுமதி வந்தது. முதலில் ஏன் தடுத்தார்கள்? அந்தப் பாத்திரங்களில் பானம் வேகமாக மாறும், மாறியது வெளியே தெரியாது என்று உலமாக்கள் விளக்குகிறார்கள். தோற்பை என்றால் உள்ளே வாயு சேரும்போது உப்பிக் காட்டிக்கொடுத்துவிடும். பாத்திரம் காற்றை எப்படி நடத்துகிறது என்பது பானத்தின் தன்மையையே மாற்றும். கொம்புச்சாவின் சிக்கலும் சரியாக அந்த இடத்தில்தான் இருக்கிறது.

கொம்புச்சா என்பது சீனி போட்ட தேயிலைச் சாயத்தைப் புளிக்கவைத்தது. மிதக்கிற அந்த வட்டத்தில் மதுவமும் அசற்றிக் அமிலப் பற்றீரியாவும் சேர்ந்து வாழ்கின்றன. மதுவம் சீனியை உடைத்து மதுசாரம் ஆக்கும். பற்றீரியா அந்த மதுசாரத்தை எடுத்து, காற்றிலுள்ள ஒட்சிசனைக் கொண்டு வினாகிரியிலுள்ள அமிலமாக்கும். மதுசாரம் உண்டாகிக்கொண்டே இருக்கும், தீர்ந்துகொண்டும் இருக்கும். வாயைத் துணியால் மட்டும் மூடி வைப்பது அதனால்தான். காற்று போக வேண்டும்.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு லீற்றரில் 100 கிராம் சீனி போட்டு, அது முழுவதும் மதுசாரமாக மாறினால் ஏறக்குறைய 54 கிராம் மதுசாரம், அளவில் 6.8 வீதம். சாதாரண பியரைவிடக் கூட. திறந்த வாயில் புளிக்கும் கொம்புச்சாவில் அப்படி ஆவதில்லை. சீனியில் ஒரு பகுதி மிஞ்சும், உண்டான மதுசாரத்தில் பெரும்பகுதியைப் பற்றீரியா தின்றுவிடும். ஆனால் இப்போது பலரும் இன்னொன்று செய்கிறார்கள். காஸ் வரட்டும் என்று, புளித்ததைப் போத்தலில் ஊற்றி, பழச்சாறோ சீனியோ சேர்த்து, மூடியை இறுக்கி, வெளியிலேயே சில நாள் வைக்கிறார்கள். இரண்டாம் ஊறல் என்று சொல்வது இதைத்தான். காற்று நின்றதும் பற்றீரியாவின் வேலை நிற்கும். மதுவத்தின் வேலை நிற்காது, புதிதாகச் சீனியும் கிடைத்திருக்கிறது. மதுசாரம் ஏறும். அமெரிக்காவில் 0.5 வீதத்தைத் தாண்டினால் மதுபானம் என்று சட்டம். 2010இல் கடைத் தட்டில் இருந்த கொம்புச்சாப் போத்தல்கள் அந்த அளவைத் தாண்டியிருக்கலாம் என்று ஹோல் ஃபூட்ஸ் என்ற பெரிய கடைத்தொகுதி அவற்றை எடுத்துவிட்டது. தொழிற்சாலையில் அடைத்த போத்தலுக்கே அந்த நிலை என்றால், கச்சான் காலத்தில் நம் குசினி மேசையில் வைத்த போத்தலைச் சொல்லவா வேண்டும்? வீட்டில் செய்யும் இஞ்சி பியரும் இதே வகைதான். இஞ்சி, சீனி, ஈஸ்ட், இறுக்கிய மூடி. போத்தல் வெடிக்கிற அளவு வாயு உள்ளே சேர்ந்தால், கூடவே மதுசாரமும் சேர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

“அப்ப துளியும் இல்லாமல் இருக்கணுமா?” என்று கேட்டாள். துளியும் இல்லாத பழச்சாறு கிடைப்பதே கடினம். நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும் தோடம்பழச் சாற்றிலும் பாணிலும் அணுவளவு மதுசாரம் இயற்கையாக உண்டு. அதனால் முஸ்லிம் நாடுகளின் உலமாக்கள் விஞ்ஞானிகளோடு அமர்ந்து அளவு சொல்லியிருக்கிறார்கள். மதுவாக்கும் நோக்கமின்றிச் செய்த பானத்தில் 1 வீதத்துக்குக் குறைவாக இருந்தால் ஆகுமென்று மலேசியாவின் தேசிய ஃபத்வா சபை 2011இல் தீர்மானித்தது. இந்தோனேசிய உலமா சபை 2018இல் புளித்த பானங்களுக்கு 0.5 வீதத்துக்குக் கீழ் என்று வரம்பு வைத்தது. கூடக் குடித்தால் போதை தருவது எதுவோ, அதில் கொஞ்சமும் கூடாது என்ற ஹதீஸின் விதி எல்லார் முன்னாலும் இருந்தது. நாம் பின்பற்றும் ஷாஃபி மத்ஹபில் வினாகிரி பற்றிய சட்டமும் நுட்பமானது. மது தானாகவே வினாகிரியாக மாறினால் சுத்தம். வெயிலிலிருந்து நிழலுக்கு நகர்த்தி வைத்ததால் மாறினாலும் சுத்தம். ஏதாவது ஒன்றை உள்ளே போட்டு மாற்றினால் இல்லை. நான் ஆலிமா இல்லை, தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கேட்கப் போகும்போது எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போகலாம் என்பதற்காகவே இவ்வளவையும் சொன்னேன். என்ன பானம் என்பதோடு, எத்தனை நாள், எந்தச் சூட்டில், மூடியா திறந்தா என்பதையும் ஆலிமிடம் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல ஆசை. தினமும் ஸுப்ஹு தொழுத கையோடு சட்டி மூடியைத் திறந்து மணந்து பார்ப்பது என் பழக்கம். போத்தலில் சிறு கடதாசித் துண்டு ஒட்டி, ஊறவைத்த நேரத்தைப் பென்சிலால் எழுதுவேன். வருடக்கணக்கில் இதைச் செய்ததில் என் குணத்தில் ஒன்று மாறியது. பள்ளிக்கூடத்தில் நான் புள்ளியைப் பார்த்துப் பேசுகிறவள், வீட்டிலும் அப்படித்தான். புளிப்பு ஏறுவதை மணத்தில் பிடிக்கப் பழகிய பிறகு, மகன் சோற்றைப் பிசைகிற வேகத்தில் அவனுக்கு ஏதோ மனவருத்தம் என்று கண்டுபிடிக்கப் பழகினேன். பொறுமை என்றால் காத்திருப்பது மட்டும்தான் என்று நினைத்திருந்தேன். நேரம் வந்ததும் எழுந்து போய் எடுக்கவும் வேண்டும், நாள் கடந்ததைத் தயங்காமல் ஊற்றவும் வேண்டும். சீனி வீணாகிறதே என்ற எண்ணம் கையைப் பிடிக்கும், விடக் கூடாது.

உடம்பு விஷயம். 1995இல் அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் வீட்டுக் கொம்புச்சா குடித்துவந்த இரு பெண்கள் இரத்தத்தில் அமிலம் கூடிக் கடுமையாக நோயுற்றார்கள். ஒருவர் இறந்தார். பானம்தான் காரணமென்று நிரூபிக்கப்படவில்லை, ஆனாலும் அளவோடு குடிக்க அது போதுமான எச்சரிக்கை. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும் தொடவே வேண்டாம். பூச்சிட்ட பீங்கானிலும் உலோகத்திலும் ஊறவைக்கக் கூடாது, அமிலம் ஈயம் போன்ற உலோகங்களைக் கரைத்தெடுக்கும். கண்ணாடிதான் சரி. மேலே பஞ்சு போலப் பூஞ்சணம் கண்டால் முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

ராத்தாவின் மகளுக்கு நான் சொன்ன முடிவு இது. இரண்டாம் ஊறல் வேண்டாம். துணி மூடிய வாயில் நன்றாகப் புளித்ததும் பிரிட்ஜில் வைத்துக் குளிராக்கி, சின்னக் கிளாஸில் குடிக்கலாமா என்று ஆலிமிடம் கேள். பதில் வரும்வரை மோர் இருக்கிறது, நபீத் இருக்கிறது. ஏழு பேரீச்சம்பழம், ஒரு கிளாஸ் தண்ணீர், காலையில் போட்டால் அஸருக்கு முன் குடித்துவிடு.

ஒரு வேண்டுகோளும் உண்டு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில் இருக்கிறது, இஸ்லாமியக் கற்கைகள் மற்றும் அரபு மொழிப் பீடம் ஒலுவிலில் இருக்கிறது. நம் குசினிச் சூட்டில் நபீத்திலும் கொம்புச்சாவிலும் எத்தனை மணித்தியாலத்தில் எவ்வளவு மதுசாரம் ஏறுகிறது என்று இரண்டு பீடத்தாரும் சேர்ந்து அளந்து, கச்சானுக்கு ஒன்று வாடைக்கு ஒன்றாக, எளிய தமிழில் ஒரு பக்கத் துண்டுப்பிரசுரம் போட்டுக் கொடுங்கள். ரமழானுக்கு முன் பள்ளிவாசல்களில் கிடைத்தால் நல்லது.