பனிக்கட்டியில் ஒரு துவாரம்

ஈச்சிலம்பற்றுக் களப்பிலே வலை வீசும் அன்பர்களே, தூண்டில் இறக்கிய நீர் கண்ணெதிரே இறுகி உறைந்துபோனால் என்ன செய்வீர்கள்? நம்மவர் பலர் குடியேறி வாழும் டொரன்டோ நகருக்கு வடக்கே, குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் சிம்கோ ஏரியின்மீது சிறு குடில் அமைத்து, பனிக்கட்டியைத் துளைத்து மீன்பிடிப்போருக்கு நித்தமும் நேரும் சங்கடம் இதுவே. நீரின் உஷ்ணத்தைக் கவர்ந்து செல்வது மேலே வீசும் குளிர்காற்றே ஆதலால், நூலுக்கு மட்டும் வழிவிட்டு, துவாரத்தை மூடியிட்டு வைக்கிறார்கள். மூடி இல்லாதவர், கண்ணகப்பையால் பனித்துகளை ஓயாது அள்ளி எறியவேண்டியதுதான், மீன் கடிக்கும் நேரத்திலும்! இதில் விசித்திரம் யாதெனில், தன்னுள்ளே காற்றைச் சிறைப்படுத்தி வைத்திருக்கும் வெண்பனியையே அம்மூடியின்மேல் குவித்துவிட்டால், அது கம்பளியைப்போல் குளிரைத் தடுத்துவிடுகிறது.