பழைய ஹப்பைத் தூரத்திலிருந்து கவனிப்பது எப்படி?

சில பழைய அலுவலகங்களில் மேசைக்கடியில் இன்னும் ஹப் பெட்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. ஒரு கணினி அனுப்புவதை ஹப் மற்ற எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்து அனுப்பும். அதனால் ஒரே ஒரு நெட்வொர்க் அட்டை பழுதானாலும் அலுவலகமே முடங்கலாம்.

நிர்வாக வசதியுள்ள ஹப் என்றால், எந்த போர்ட்டில் பிழைகள் எகிறுகின்றன என்பதை எஸ்என்எம்பி மூலம் பார்த்து, அதை மட்டும் தூரத்திலிருந்தே அடைத்துவிடலாம். 1992இலேயே இதற்குப் பொது வரையறை வந்துவிட்டது.

சிக்கல் கடவுச்சொல்லில். எஸ்என்எம்பி முதல் பதிப்பு அதை மறைக்காமல் அனுப்பும். ஹப்போ அதையும் எல்லாக் கணினிகளுக்கும் நகலெடுத்துக் கொடுத்துவிடும்! ‘பப்ளிக்’, ‘பிரைவேட்’ என்ற தொடக்கச் சொற்களை மாற்றினாலும் பயன் குறைவுதான்.

உடனே ஸ்விட்ச் வாங்க முடியாதவர்கள், பார்க்கும் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டு மாற்றும் அனுமதியை அணைத்துவிடலாம். பிறகு போர்ட்டை அடைக்க ஆள்தான் நேரில் போகவேண்டும்.