எல்லை கடக்கும் இளம் நிறுவனங்கள்

ஒரு வாணிக நிறுவனம் தன் நாட்டு எல்லையைக் கடந்து அயல்நாடுகளில் வேரூன்றுவது எவ்வாறு? டாக்டர் பட்டத்திற்கு ஆராயும் மாணவர் பலர் இன்று இக்கேள்வியை எடுத்துக்கொண்டிருக்கின்றனர். அதிலும், கணிப்பொறியையும் இணையத்தையும் நம்பித் தொழில் தொடங்கும் இளம் நிறுவனங்களே அவர்கள் கருத்தைப் பெரிதும் ஈர்க்கின்றன. அதற்குக் காரணம் உண்டு.

ஸ்வீடன் நாட்டு உப்சாலா பல்கலைக்கழகம் இத்துறையில் புகழ்பெற்றது. அதனைச் சார்ந்த யோஹான்சன், வீடர்ஷைம்-பால் என்னும் இருவர், தம் நாட்டு நிறுவனங்கள் நான்கின் வரலாற்றை ஆராய்ந்து 1975-இல் வெளியிட்டனர். வால்வோ மோட்டார் கம்பெனி அவற்றுள் ஒன்று. அவை ஒரே பாய்ச்சலில் உலகெங்கும் பரவிவிடவில்லை. முதலில் உள்நாட்டில் விற்றன. பின்னர் அயல்நாட்டில் ஏஜெண்டுகளை அமர்த்தின. அதன்பின் சொந்த விற்பனை நிலையம் வைத்தன. தொழிற்சாலை எழுப்பியது இறுதியிலேதான்.

1977-இல் யோஹான்சனும் வால்னே என்பாரும் இதற்கு விளக்கம் தந்தனர். அயல்நாட்டுச் சந்தையைப் பற்றிய அறிவு ஏட்டைப் படித்துப் பெறுவதன்று. அங்கே தொழில் நடத்திப் பெறுவது. அவ்வறிவு வளர வளரவே நிறுவனம் துணிந்து முதலிடும். ஆகவே மொழியாலும் பழக்கவழக்கங்களாலும் நெருங்கிய நாடுகளுக்கு அது முதலிற் செல்லும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்னும் நம் பழமொழியின் கருத்தே இது.

இக்கொள்கைக்கு மறுப்பு எழாமல் இல்லை. சில நிறுவனங்கள் பிறந்த நாள்தொட்டே பல நாடுகளிலும் வாணிகம் செய்ய முனைகின்றன என்பதை ஒவியட், மக்டூகல் என்னும் அறிஞர்கள் 1994-இல் எடுத்துக்காட்டினர். இணையம் பரவியபின் இவ்வுண்மை பளிச்செனத் தெரிந்தது. 2003-இல் தோன்றிய ஸ்கைப் என்னும் பேச்சுச் சாதனத்தின் மென்பொருளை எஸ்டோனியா என்னும் சிறு நாட்டின் வல்லுநர்கள் உருவாக்கினர். கப்பலும் கிடங்கும் இன்றி அது சில ஆண்டுகளிலேயே உலகெங்கும் சென்றது.

அப்படியாயின், நாடுகளுக்கிடையே இருந்த தொலைவு மறைந்துவிட்டதா? இவ்விடத்தில்தான் ஆராய்ச்சி மாணவர் நிதானிக்க வேண்டும். ஸ்வீடனிலேயே பிறந்த மற்றொரு நிறுவனத்தைப் பாருங்கள். இணையவழி இசை வழங்கும் ஸ்பாட்டிஃபை, 2008-இல் ஸ்வீடன் முதலிய ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் தொடங்கப்பெற்றது. அமெரிக்காவை அடைந்தது 2011-இல். இந்தியாவுக்கு வந்தது 2019-இல். மென்பொருள் நொடிப்பொழுதில் கடல் கடக்கும். ஆயினும், பாட்டு ஒவ்வொன்றையும் ஒலிபரப்பும் உரிமை நாட்டுக்கு நாடு தனித்தனியே பெறத்தக்கது. உரிமையாளரின் இசைவின்றி ஓரடியும் எடுத்து வைக்க இயலாது.

2009-இல் யோஹான்சனும் வால்னேயும் தம் கொள்கையைத் தாமே திருத்திக்கொண்டது இங்கே கருதத்தக்கது. அயல்நாட்டான் என்பதைக் காட்டிலும், அங்குள்ள தொழில் உறவுகளுக்குப் புறத்தே நிற்பவன் என்பதே பெருந்தடை என்றனர். நம்பிக்கையும் உறவும் இன்றும் மெல்லவே வளர்வன.

மாணவர்களே, இத்துறையில் புகுவோர்க்கு ஓர் எச்சரிக்கை. வெற்றி பெற்ற நிறுவனங்களை மட்டுமே ஆராய்ந்து, “விரைந்து பரவியதால் வென்றன” என முடிவு கட்டுதல் எளிது. ஆனால் அவ்வாறே விரைந்து பரவி அழிந்தவை எத்தனை? கரை சேர்ந்த கப்பல்களை மட்டும் எண்ணுவோன் கடலின் இயல்பை அறியான். அவன் எழுதியதை நம்பித் தம் சேமிப்பை முதலாக இடும் இளைஞரும் இருப்பர். ஆதலால், தோற்றவரையும் தேடிச் சென்று கேட்பதும், தம் முடிவுக்கு மாறான சான்றை மறையாது எழுதுவதும் ஆராய்ச்சியாளரின் கடமைகளாகும். தம் கொள்கையைத் தாமே திருத்த அஞ்சாத அந்த இருவரும் நமக்கு விட்டுச் சென்ற பாடமும் அதுவே.